பூசணித் துண்டுகள் ஓவனில் வேகின்றன, ஆனால் சிவக்க மறுக்கின்றன. ஏன்?

வெந்தயம்

வணக்கம். குளிர்காலப் பூசணியை, அதாவது தோல் கெட்டியாகும்வரை முற்றவிட்டுப் பறிக்கும் பூசணியை, ஓவனில் வறுத்துப் பக்க உணவாக வைக்கும் வழக்கம் உள்ளவர்களிடம் ஒரு கேள்வி. பட்டர்நட் பூசணியைத் தோல் சீவி, சிறு துண்டுகளாக்கி, எண்ணெயும் உப்பும் மிளகுத்தூளும் பிசிறி, 180 டிகிரி செல்சியஸில் வைக்கிறேன். அரை மணி நேரத்தில் உள்ளே வெந்துவிடுகிறது. மேலே நிறம் ஏறுவதே இல்லை. தட்டில் நீர் கோத்து நிற்கிறது. கரண்டியை வைத்தால் குழைந்து போகிறது. நான் விரும்புவது ஓரம் நன்றாகச் சிவந்து, லேசாக முறுகி, உள்ளே மட்டும் மெத்தென்று இருக்கும் துண்டு. குறை வெப்பத்திலா, காயிலா, எண்ணெயின் அளவிலா? விருந்துக்கு வைக்க வேண்டியிருப்பதால் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தணல்

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: "தட்டில் நீர் கோத்து நிற்கிறது." எல்லாத் தொல்லையும் அந்த நீர்தான்.

பச்சைப் பட்டர்நட்டில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 86 கிராம் தண்ணீர். துண்டின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை, ஓவனை எவ்வளவு முடுக்கினாலும் அந்தப் பரப்பின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. வருகிற வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். நீங்கள் தேடும் சிவப்பும் மணமும் பெரும்பாலும் மெயார்ட் வினையில் பிறப்பவை. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மெயார்ட் 1912-இல் விவரித்த வினை அது. சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து நிறம் மாறும். சமையலில் அது வேகமெடுப்பது 140 டிகிரிக்கு மேல்தான். சதையை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டினோ 85 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடுகிறது. ஆக, உள்ளே குழைவதற்குள் வெளியே காய வேண்டும். 180 டிகிரியில் உள்பக்கம் முந்திவிடுகிறது. 220 டிகிரிக்குப் போனால் வெளிப்பக்கம் முந்தும். விசிறி உள்ள ஓவன் என்றால் 200 போதும்.

அடுத்தது இடைவெளி. இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். நெருக்கி அடுக்கினால் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டின் ஆவியில் வேகும். அது வறுவல் அன்று, அவியல். ஒரு கிலோ காயை ஒரே தட்டில் திணிக்காதீர்கள், இரண்டாகப் பிரித்துவிடுங்கள். இந்த ஒன்றை மட்டும் மாற்றினாலே பாதி வழி வந்துவிடும்.

தட்டு கனமான உலோகமாக, கருத்த நிறத்தில் இருந்தால் மிக நல்லது. கண்ணாடிப் பாத்திரம் மெல்லத்தான் சூடேறும். விளிம்பு உயர்ந்த பாத்திரம் ஆவியை வெளியே விடாது. ஓவன் சூடாகும்போதே வெறும் தட்டையும் உள்ளே வைத்துவிடுங்கள். எண்ணெய் பிசிறிய துண்டுகளை அதில் கொட்டும்போது "சுர்ர்" என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் தட்டு இன்னும் சூடாகவில்லை.

உப்பை ஓவனில் வைப்பதற்குச் சற்று முன்புதான் போடுங்கள். முன்கூட்டியே பிசிறி வைத்தால் அது நீரை வெளியே இழுத்துவிடும். எண்ணெய் ஒரு கிலோவுக்கு இரண்டு முதல் மூன்று மேசைக்கரண்டி. எல்லாப் பக்கமும் மினுமினுக்க வேண்டும், அடியில் தேங்கக் கூடாது.

நெய்விளக்கு

தணல் சொல்வது சரி. ஆனால் இவ்வளவு சீவலும் வெட்டலும் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. பூசணியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, விதையை வழித்தெடுத்து, வெட்டுப் பரப்பில் எண்ணெய் தடவி, அந்தப் பக்கம் தட்டில் படும்படி கவிழ்த்து வைத்துவிடுங்கள். 200 டிகிரியில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். கத்தி முனை தோலைத் துளைத்து எதிர்ப்பின்றி இறங்கினால் ஆயிற்று. தட்டைத் தொட்ட பரப்பு சிவந்திருக்கும், குழிக்குள் அடைபட்ட ஆவி சதையை வேகவைத்திருக்கும். தோலும் தானாகக் கழன்று வரும். பத்துப் பேருக்குச் சமைக்கும்போது துண்டு துண்டாகப் புரட்டிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?

தணல்

நெய்விளக்கு, அந்த முறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மசிப்பதற்கும் சூப்புக்கும் அதைவிடச் சிறந்த வழி இல்லை. வெந்தயம் கேட்டது வேறு: ஓரம். பாதியாகப் பிளந்த காயில் சிவக்கும் பரப்பு ஒரே ஒரு முகம்தான். இரண்டரை சென்டிமீட்டர் கனசதுரத்தில் ஆறு முகங்கள். இரண்டும் இரண்டு விதமான உணவு, ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது.

நடுவழி ஒன்று உண்டு. தோலோடு இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் பிறைவடிவக் கீற்றுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு கீற்றுக்கும் இரண்டு அகலமான முகங்கள் கிடைக்கும். ஒரே ஒரு முறை புரட்டினால் போதும்.

கொடித்தோட்டம்

வெப்பத்தைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டீர்கள், காயைப் பற்றி யாரும் பேசவில்லையே! பல ஆண்டுகளாகப் பூசணி பயிரிடுகிறேன். வறுவல் நன்றாக வருவதும் வராததும் பாதிக்கு மேல் ஓவனுக்கு வெளியிலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

நாம் குளிர்காலப் பூசணி என்று சொல்பவை பெரும்பாலும் மூன்று இனங்களைச் சேர்ந்தவை. குக்கர்பிட்டா மாக்சிமா: கபோச்சா, பட்டர்கப், ஹப்பர்ட், சிவப்புக் குரி எல்லாம் இதில் அடங்கும். குக்கர்பிட்டா மோஸ்சாட்டா: இதில்தான் பட்டர்நட். குக்கர்பிட்டா பெப்போ: ஏகார்ன், டெலிகாட்டா, ஸ்பகெட்டி பூசணி. முதல் இனத்தில், குறிப்பாகக் கபோச்சாவில், மாவுச்சத்து மிகுதி, நீர் குறைவு. வறுத்தால் அவித்த கஷ்கொட்டைபோல உதிரும். நீர்த்தொல்லை பிடிக்காதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கபோச்சாவை எடுக்கலாம். பட்டர்நட் நடுத்தரம். ஏகார்னில் இனிப்பு குறைவு. ஸ்பகெட்டி பூசணியை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள், அது நூல்நூலாகப் பிரிவதற்கு என்றே உள்ள காய். முகம் செதுக்கி விளக்கு வைப்பதற்காக வளர்க்கப்படும் பெரிய பூசணியையும் வறுக்க எடுக்க வேண்டாம். நாரும் நீரும் தவிர அதில் சுவை என்று சொல்ல அதிகம் இல்லை.

இனி முற்றல். கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்துங்கள். தோலில் நகம் இறங்கினால் காய் பிஞ்சு, வறுத்தால் சவசவ என்றுதான் இருக்கும். காம்பு காய்ந்து, தக்கைபோல் வெடித்திருக்க வேண்டும். தோலின் பளபளப்பு போய் மங்கியிருக்க வேண்டும். தரையில் பட்டுக் கிடந்த இடம் வெளிறிய பச்சையாக இல்லாமல் ஆழ்ந்த மஞ்சளாக, ஆரஞ்சாக இருந்தால் கொடியிலேயே முற்றிய காய் என்று நம்பி வாங்கலாம். கையில் தூக்கினால் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும்.

பறித்த அன்றே வறுப்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பறித்த பிறகும் காய்க்குள் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். புதிதாகப் பறித்த கபோச்சா வெறும் மாவாக, சப்பென்று இருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது நன்றாக இனிக்கும். சர்க்கரை கூடினால் ஓவனில் நிறமும் எளிதாக ஏறும். ஆனால் மாவுச்சத்தை இழந்துகொண்டே போவதால், மிக நீண்ட நாள் கிடந்த காய் ஈரமாகவும் நாராகவும் ஆகிவிடும். 10 முதல் 15 டிகிரி செல்சியஸில், காற்றோட்டமாக, ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள். முழுக்காயைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. 10 டிகிரிக்குக் கீழே நீண்ட நாள் இருந்தால் சதை கெடத் தொடங்கும். பட்டர்நட் இரண்டு மூன்று மாதம் தாங்கும். ஹப்பர்ட் ஐந்தாறு மாதம் வரை போகும். ஏகார்ன், டெலிகாட்டாவை ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

வெந்தயம், உங்களுக்கு நேரடியாக ஒன்று. பட்டர்நட்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கழுத்துப் பகுதி விதையே இல்லாமல், மெழுகுக்கட்டியை அறுத்த மாதிரி வழவழப்பாக, ஒரே சீராக இருக்கும். கீழே குடம்போல் உப்பிய பகுதியில் விதைக்குழியைச் சுற்றியுள்ள சதை தளர்ந்து, நாரோடு, ஈரமாக இருக்கும். விரலால் தேய்த்தாலே வேறுபாடு தெரியும். இரண்டையும் கலந்து ஒரே தட்டில் போட்டால், கழுத்துத் துண்டு சிவப்பதற்குள் குடத்துத் துண்டு கூழாகிவிடும். கழுத்தை மட்டும் வறுக்க வைத்துக்கொண்டு, குடத்தை நெய்விளக்கு சொன்னபடி கவிழ்த்து வைத்து மசியலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போதே நீண்ட தடித்த கழுத்தும் சிறிய குடமும் உள்ள காயாகப் பார்த்து எடுங்கள்.

வெந்தயம்

கொடித்தோட்டம், மிக்க நன்றி. கழுத்துக்கும் குடத்துக்கும் இவ்வளவு வேறுபாடு உண்டு என்று எங்குமே படித்ததில்லை. பேக்கிங் தாள் விரிக்கலாமா? வெறும் தட்டில் போட்டால் ஒட்டிக்கொள்கிறது.

தணல்

விரிக்கலாம், ஆனால் கொஞ்சம் நிறம் குறையும். தாள் உலோகத்துக்கும் காய்க்கும் நடுவே ஒரு திரை. அதோடு பல தாள்களின் வெப்ப வரம்பு 220 டிகிரி வாக்கில்தான் இருக்கிறது. உறையில் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் தட்டில் துண்டு ஒட்டுகிறது என்றால் பெரும்பாலும் அது இன்னும் தயாராகவில்லை என்று பொருள். முதல் இருபது நிமிடம் கையே வைக்காதீர்கள். அடிப்பக்கம் நன்றாகச் சிவந்து பொருக்குக் கட்டியதும் தட்டை அது தானாக விடும். அப்போது தட்டையான தோசைத் திருப்பியை அடியில் ஒட்டினாற்போல் செலுத்திப் புரட்டுங்கள். மொத்தம் 30 முதல் 40 நிமிடம் ஆகும். கடிகாரத்தைவிட நிறத்தைப் பார்த்து இறக்குங்கள்.

செங்கதிர்

வறுப்பதற்கு முன் வெட்ட வேண்டுமே, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். இந்தக் காயில்தான் கத்தி சிக்கிக்கொள்ளும், உருளும், கை வெட்டுப்படும். முதலில் காம்புப் பக்கமும் அடிப்பக்கமும் ஒரு வில்லை சீவித் தட்டையாக்குங்கள். தட்டையான பக்கத்தைப் பலகையில் நிறுத்தினால் காய் ஆடாது. பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டால் பலகையும் நகராது. கத்தி பாதியில் சிக்கினால் காயோடு தூக்கித் தட்டாதீர்கள். கத்தியை மெல்ல ஆட்டி வெளியே எடுத்து, மறுபக்கத்திலிருந்து வெட்டுங்கள். தோல் மிகக் கடினமாக இருந்தால், முள்கரண்டியால் பல இடங்களில் நன்றாகக் குத்திவிட்டு, மைக்ரோவேவில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து எடுத்தால் இளகும். குத்தாமல் வைத்தால் உள்ளே ஆவி அடைபட்டு வெடிக்கும்.

பட்டர்நட் சீவும்போது வடியும் பால் கையில் காய்ந்து, தோல் இறுகிப்போய் உரிவதுபோல் ஆகும். சிலருக்கு அரிப்பும் வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதலிலேயே கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

முல்லைப்பந்தல்

எல்லாருக்கும் வணக்கம். துண்டுகளில் தேனோ பழுப்புச் சர்க்கரையோ சேர்த்துப் பிசிறினால் நிறம் சீக்கிரம் வருமே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? விருந்துக்கு வருகிற குழந்தைகளும் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

தணல்

220 டிகிரியில் தொடக்கத்திலேயே தேன் சேர்த்தால் நிறம் வரும், ஆனால் அது கருகல் நிறம். தேனில் உள்ள பிரக்டோஸ் மற்றச் சர்க்கரைகளைவிடக் குறைந்த வெப்பத்திலேயே கருகத் தொடங்கும். காய் வேகும் முன்பே தட்டில் கசப்புப் பிசின் ஒட்டியிருக்கும். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் கடைசி ஐந்து, ஏழு நிமிடத்தில் தடவுங்கள். பூண்டுப் பொடிக்கும் நறுக்கிய பூண்டுக்கும் இதே விதிதான். பூண்டு மணம் வேண்டுமானால் பற்களைத் தோலோடு முழுசாகத் தட்டில் போடுங்கள். தோலுக்குள் அது பதமாக வெந்துகொள்ளும்.

கொடித்தோட்டம்

இதில் நான் தணலைவிடக் கடுமையாகச் சொல்வேன்: இனிப்பே வேண்டாம். முற்றி, நாள்பட்டு, ஓரம் சிவந்த பூசணியில் போதுமான இனிப்பு இருக்கிறது. அதன்மேல் தேனை ஊற்றுவது, காய் வளர்த்தவனின் உழைப்பை மூடி மறைப்பதற்குச் சமம். பக்க உணவு என்பதை நினைவில் வையுங்கள். தட்டில் அதற்குப் பக்கத்தில் முக்கிய உணவு ஒன்று இருக்கப்போகிறது. இனிப்பின்மேல் இனிப்பு ஏற்றினால் நான்கு துண்டுக்கு மேல் யாரும் தொட மாட்டார்கள். இதற்குத் தேவை புளிப்பும் காரமும்தான். எலுமிச்சைச் சாறு, கொரகொரப்பாக இடித்த மிளகாய், வறுத்த சீரகம். இவற்றில் இரண்டு இருந்தாலே காயின் இனிப்பு தனியாக எடுத்துத் தெரியும்.

முல்லைப்பந்தல்

எல்லாக் காயும் நீங்கள் வளர்த்த காய்போல் இருப்பதில்லை, கொடித்தோட்டம். கடையில் கிடைக்கும் ஏகார்ன் பல சமயம் சப்பென்றுதான் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் இனிப்பு சேர்ப்பதில் என்ன தவறு? நல்ல காய் கிடைத்தவர்கள் சேர்க்க வேண்டாம், கிடைக்காதவர்கள் சேர்க்கட்டும்.

கொடித்தோட்டம்

ஏகார்னைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மட்டும்.

நெய்விளக்கு

புளிப்பை எப்போது சேர்ப்பது? முதலிலேயே எலுமிச்சை பிழிந்துவிட்டால் காய்க்குள் ஊறிவிடும் அல்லவா?

தணல்

வேண்டாம். அமிலம் பெக்டினைக் கரைய விடாது. முன்னதாகச் சேர்த்தால் துண்டு வெளியே விறைப்பாகவே நிற்கும், தட்டில் ஈரமும் கூடும். ஓவனிலிருந்து எடுத்த பிறகு, பரிமாறும் பாத்திரத்தில் வைத்துத்தான் பிழிய வேண்டும். பச்சைத் தழைகளும் அப்போதுதான்.

அகல்மணி

தோலைச் சீவத்தான் வேண்டுமா?

கொடித்தோட்டம்

டெலிகாட்டா, சிவப்புக் குரி இரண்டுக்கும் வேண்டாம். வறுத்தால் தோல் மெல்லியதாகி, இருப்பதே தெரியாது. கபோச்சாவின் தோலையும் உண்ணலாம், கரடுதட்டிய இடங்களை மட்டும் சீவிவிடுங்கள். ஏகார்ன் தோல் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. பட்டர்நட் தோலும் உண்ணத்தக்கதுதான் என்றாலும், விருந்தில் வைப்பதற்குச் சீவிவிடுவது நல்லது. ஹப்பர்ட் தோலை உண்ண முடியாது.

பேச்சு வந்ததால் ஒரு முக்கியமான எச்சரிக்கை. வீட்டுத் தோட்டத்தில் தானாக முளைத்த கொடியின் காயையும், சேமித்த விதையிலிருந்து வந்த காயையும் சமைக்கும் முன், பச்சையாக ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் முழுக்காயையும் தூக்கி எறியுங்கள். அலங்காரத்துக்கு வளர்க்கும் பூசணி வகைகளோடு மகரந்தம் கலந்துவிட்டால், அடுத்த தலைமுறைக் காயில் குக்கர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு வந்துவிடக்கூடும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது அழியாது. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். 2015-இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்பான ஸுக்கினியை உண்ட முதியவர் ஒருவர் உயிரிழந்தார். ஸுக்கினியும் இதே பெப்போ இனம்தான். மசாலா சேர்த்தால் கசப்பு தெரியாது என்று நினைத்து யாரும் சமைத்துவிடாதீர்கள். கடையில் வாங்கிய காயில் இப்படி நேர்வது அரிது. ஆனாலும் வாயில் கசந்தால் அதே விதிதான்.

அகல்மணி

நன்றி. இதை அறியாமல் இருந்தேன். குப்பைக்குழியில் முளைத்த கொடியில் இப்போது இரண்டு காய்கள் இருக்கின்றன. நாக்கில் வைத்துப் பார்க்காமல் தொட மாட்டேன்.

வெந்தயம்

நீங்கள் எல்லாரும் சொன்னபடி கழுத்துப் பகுதியை மட்டும் எடுத்து, சூடான தட்டில், இடைவெளி விட்டு, 220 டிகிரியில் வைத்தேன். அடிப்பக்கம் ஆழ்ந்த பழுப்பு நிறத்தில் பொருக்குக் கட்டியிருந்தது. மூலைகள் கறுத்த சிவப்பில் முறுகியிருந்தன. கடித்தால் உள்ளே வெண்ணெய்ப் பதம். தட்டில் ஒரு சொட்டு நீர் இல்லை!

இன்னும் ஒரு சிக்கல். விருந்து நாளில் ஓவனில் வேறொன்று இருக்கும். பூசணியை முன்கூட்டியே வறுத்துப் பாத்திரத்தில் மூடி வைத்தால், அரை மணி நேரத்தில் முறுகல் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

தணல்

மூடுவதால்தான். சூடான துண்டின் உள்ளேயிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கிறது. மூடியில் பட்டு நீராகித் திரும்ப மேலேயே விழுகிறது. முழுப்பதத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே இறக்கி, அதே தட்டில் பரப்பியபடி, மூடாமல் ஆறவிடுங்கள். முக்கிய உணவு ஓவனிலிருந்து வெளியே வந்து, வெட்டிப் பரிமாறத் தயாராகும் இடைவெளியில், 220 டிகிரியில் ஆறு, ஏழு நிமிடம் மறுபடி உள்ளே வையுங்கள். ஓரம் முன்னைவிட நன்றாக முறுகும், ஏனென்றால் ஆறும்போது மேற்பரப்பு இன்னும் கொஞ்சம் காய்ந்திருக்கும். குவித்து வைக்காமல் அகலமான தட்டில் பரப்பிப் பரிமாறுங்கள்.

செங்கதிர்

ஓவன் கிடைக்கவே இல்லை என்றால் ஏர் ஃப்ரையரில் 200 டிகிரி, 15 முதல் 20 நிமிடம். கூடையில் ஒரே அடுக்காகத்தான் போட வேண்டும். அதனால் இரண்டு மூன்று பேருக்குத்தான் சரிப்படும், விருந்துக்குப் பல ஈடு போட வேண்டியிருக்கும்.

நெய்விளக்கு

விதையை எறிந்துவிடாதீர்கள் வெந்தயம். நாரை அலசிவிட்டு, உப்பு நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, துணியில் ஈரம் போகத் துடைத்து, சிறிது எண்ணெய் தடவி 160 டிகிரியில் வையுங்கள். இருபது நிமிடம் வாக்கில் மொறுமொறுப்பாகிவிடும். நடுவில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். கொதிக்கவிடும்போது உப்பு உள்ளே இறங்குவதால் மேலே தூவ வேண்டியதில்லை. பரிமாறும்போது துண்டுகளின்மேல் தூவினால் கடிப்பதற்கும் ஒன்று கிடைக்கும்.

முல்லைப்பந்தல்

மீந்ததை எத்தனை நாள் வைக்கலாம்?

தணல்

ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள். சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், மறுபடி நீர் விட்டுக்கொள்ளும். கனமான வாணலியில் சொட்டு எண்ணெய் விட்டு, துண்டுகளைப் பரப்பி, ஒரு பக்கம் மட்டும் சுடவிடுங்கள். புரட்ட வேண்டாம், குழைந்துவிடும்.